அத்தையின் 27 இன்ச்: பழைய கம்ப்யூட்டர் பெரிய மானிட்டரைத் தாங்குமா?

மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் அத்தை வீட்டிலேயே டிடிபி வேலை செய்கிறவர். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், காதுகுத்து அழைப்பிதழ், அவ்வப்போது யாராவது கொண்டுவந்து கொடுக்கும் புத்தகத்துக்கு மெய்ப்பு. 2012 கடைசியில் வாங்கிய கம்ப்யூட்டர், அதோடு வந்த 18.5 இன்ச் மானிட்டர். போன மாதம் போன் செய்தார்.

"டேய், கண்ணு ரொம்பப் படுத்துது. 27 இன்ச் வாங்கலாம்னு கடைக்குப் போனேன். அந்தப் பையன் என்னடான்னா, உங்க பழைய சிஸ்டம் அவ்ளோ பெரிய ஸ்க்ரீனைத் தாங்காது, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போடணும், இல்லைன்னா புது சிபியூவே எடுத்துடுங்க மேடம்ங்கறான். நிஜமாவா?"

"எதுவும் வாங்காதீங்க அத்தை. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

"தாங்குமா" என்ற சொல்லிலேயே பாதிக் குழப்பம் இருக்கிறது. ஷேர் ஆட்டோவில் பத்துப் பேர் ஏறினால் தாங்குமா என்பதுபோல, திரை பெரிதாகப் பெரிதாகக் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும் என்று பலருக்கு ஒரு நினைப்பு. மானிட்டர் எத்தனை இன்ச் என்பது கம்ப்யூட்டரின் கவலையே இல்லை. அது மேசையின் கவலை, பர்ஸின் கவலை. கம்ப்யூட்டர் போடும் கணக்கு வேறு.

வாசலில் கோலம் போடுகிறவரிடம் என்ன கோலம் என்று கேட்டால் அடிக்கணக்கில் பதில் வராது. "15 புள்ளி, 15 வரிசை, நேர்ப்புள்ளி" என்பார். அதே கோலத்தை அடுக்குமாடி வீட்டுக் கதவுக்கு முன்னால் இரண்டு டைல்ஸுக்குள் நெருக்கியும் போடலாம், மயிலாப்பூர் மாட வீதியில் அகல விட்டும் போடலாம். புள்ளிக் கணக்கு மாறாது, இடைவெளிதான் மாறும். கம்ப்யூட்டர் கோலம் போடுகிற ஆள் மாதிரி. வாசல் எவ்வளவு பெரிசு என்று பார்க்காது. எத்தனை புள்ளி, எத்தனை வரிசை என்று மட்டும் கேட்கும். மானிட்டர் பெட்டியில் 1920×1080 என்று அச்சடித்திருப்பது இதைத்தான்: வரிசைக்கு 1920 புள்ளி, மொத்தம் 1080 வரிசை. புள்ளிக்குப் பிக்சல் என்றும் இந்தக் கணக்குக்கு ரெசல்யூஷன் என்றும் பெயர்.

அத்தையின் பழைய மானிட்டர் 1366×768. பெருக்கினால் 10.49 லட்சம் புள்ளிகள். கடையில் அவர் பார்த்த 27 இன்ச் 1920×1080, அதாவது ஃபுல் எச்டி: 20.73 லட்சம். அதே 27 இன்ச்சில் அதே அலமாரியில் இன்னும் இரண்டு ரகம் இருக்கும். 2560×1440 என்றால் 36.86 லட்சம். 4கே எனப்படும் 3840×2160 என்றால் 82.94 லட்சம். வெளியிலிருந்து பார்க்க மூன்றும் ஒரே அளவு. கம்ப்யூட்டருக்கோ ஃபுல் எச்டியைவிட 4கே சரியாக நான்கு மடங்கு வேலை. கடைக்காரத் தம்பி "27 இன்ச்" என்றாரே தவிர எந்த 27 இன்ச் என்று சொல்லவில்லை. 22 இன்ச்சில் வந்தாலும் 32 இன்ச்சில் வந்தாலும் ஃபுல் எச்டி என்றால் 20.73 லட்சம் புள்ளிதான்.

இந்தக் கோலத்தை ஒருமுறை போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. சாதாரண மானிட்டரில் நொடிக்கு 60 முறை மறுபடி மறுபடி போட வேண்டும். 60 ஹெர்ட்ஸ் என்பது அந்தக் கணக்கு. ஆக உண்மையான கேள்வி மூன்று துண்டாக இருக்கிறது: எத்தனை புள்ளி, நொடிக்கு எத்தனை முறை, எந்த ஒயர் வழியாக. பழைய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது மூன்றாவதில்.

பெட்டியின் முதுகு

ஞாயிற்றுக்கிழமை போய் முதல் வேலையாகச் சிபியூவை மேசைக்கு அடியிலிருந்து இழுத்தேன். (சிபியூ என்பது உண்மையில் உள்ளே இருக்கும் தீப்பெட்டி அளவுச் சில்லு. ஆனால் சென்னையில் அந்த மொத்தத் தகரப் பெட்டிக்கும் அதுதான் பெயர். கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் கேபினெட் என்று சொன்னால் காலிப் பெட்டியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.) பின்பக்கம் பத்து வருஷத் தூசி, ஒரு காய்ந்த பல்லி முட்டை ஓடு. செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் போதும், பாதி விடை அங்கேயே எழுதியிருக்கும்.

நீல நிறத்தில், மூன்று வரிசையில் 15 ஓட்டைகளும் இரு பக்கமும் திருகும் இருந்தால் அது விஜிஏ. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்தது, டப்பா மானிட்டர் காலத்துச் சமாச்சாரம். இதில் படம் மின்னழுத்த ஏற்ற இறக்கமாகத்தான் போகிறது, எண்ணாகப் போவதில்லை. இதற்கும் ஃபுல் எச்டி போகும் என்பது பலருக்கு ஆச்சரியம். 2007 வாக்கில் வந்த மதர்போர்டுகளில்கூட (பெட்டிக்குள் எல்லாவற்றையும் இணைக்கும் பலகை) விஜிஏவுக்கு 2048×1536 வரை அனுமதி உண்டு. போகும், ஆனால் கொஞ்சம் குழைந்து போகும். எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிழல் விழும். கேபிள் நீளமாக இருந்தால் நிழலும் கூடும். சினிமா பார்க்கிறவருக்குத் தெரியாது. 'ண'வுக்கும் 'ன'வுக்கும் சுழி எண்ணுகிற மெய்ப்புத் திருத்துநருக்கு ஒரு வாரத்தில் தலைவலி வரும்.

வெள்ளை நிறத்தில் அகலமாக, ஒரு ஓரத்தில் தட்டையான கோடுபோல ஓட்டை இருந்தால் டிவிஐ. 1999இல் வந்தது. இது எண்ணாகவே அனுப்பும், எழுத்து கத்தி மாதிரி நிற்கும். எச்டிஎம்ஐ எல்லோருக்கும் தெரியும், வீட்டு டிவியின் பின்னால் இருப்பது. கம்பெனிகள் கழித்துக்கட்டிய டெல், எச்பி மேசைக் கம்ப்யூட்டர்களை வாங்கியவர்கள் இன்னொன்றைப் பார்க்கலாம்: எச்டிஎம்ஐ போலவே, ஆனால் ஒரு மூலை மட்டும் வெட்டுப்பட்டது. டிஸ்பிளேபோர்ட். டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7010இல் ஒரு விஜிஏவும் இரண்டு டிஸ்பிளேபோர்ட்டும் இருக்கும், எச்டிஎம்ஐ இருக்காது. அதைப் பார்த்துவிட்டு "எச்டிஎம்ஐ இல்லை, பெரிய மானிட்டர் போட முடியாது" என்று கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் இருந்தது எச்டிஎம்ஐயைவிட நல்ல ஓட்டை. டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் சாதாரணக் கேபிளே போதும். ஒன்று மட்டும்: அந்தக் கேபிள் ஒருவழிப் பாதை. கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்பிளேபோர்ட், மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ. தலைகீழாக மாட்டினால் திரை கறுப்பாகவே இருக்கும்.

அத்தையின் பெட்டியில் மாட்டியிருந்தது விஜிஏ. அதற்குப் பக்கத்திலேயே, பன்னிரண்டு வருஷமாக யாரும் தொடாத ஒரு எச்டிஎம்ஐ.

ஒரே ஓட்டை, வேறு வேறு குழாய்

இங்கேதான் பலர் ஏமாறுவது. எச்டிஎம்ஐ இருக்கிறது, 4கே மானிட்டரிலும் எச்டிஎம்ஐ இருக்கிறது, அப்புறம் என்ன? ஓட்டையின் வடிவம் 2002இலிருந்து மாறவில்லை. ஓட்டைக்குப் பின்னால் இருக்கும் குழாயின் அகலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். ஃபுல் எச்டியில் கண்ணுக்குத் தெரிவது 1920×1080. ஆனால் ஒரு வரிசையை முடித்து அடுத்த வரிசையின் தலைக்குக் கை திரும்ப நேரம் வேண்டும். கடைசி வரிசையை முடித்து மறுபடி மேலே போகவும் நேரம் வேண்டும். டப்பா மானிட்டர் காலத்து இந்த வழக்கம் இன்னும் தொடர்கிறது. அந்த ஓய்வையும் புள்ளியாக எண்ணினால் வரிசைக்கு 2200, வரிசைகள் 1125. பெருக்கி 60ஆல் பெருக்குங்கள்: நொடிக்கு 14.85 கோடி புள்ளிகள்.

முதல் தலைமுறை எச்டிஎம்ஐக்கும் ஒற்றை இணைப்பு டிவிஐக்கும் உச்சவரம்பு நொடிக்கு 16.5 கோடி. ஃபுல் எச்டி உள்ளே அடங்கிவிடுகிறது. ஓய்வைச் சுருக்கி அனுப்பினால் 1920×1200 கூட 15.4 கோடியில் அடங்கும். 2560×1440 கேட்பது 24.15 கோடி, அது வெளியே. சினிமா ஸ்கோப் மாதிரி அகலமாக வரும் 2560×1080 திரையும் வெளியேதான். ஓய்வே இல்லாமல் வெறும் புள்ளிகளை மட்டும் எண்ணினாலே 16.59 கோடி வந்துவிடும். இது தெரியாமல் அகலத்திரை வாங்கி, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

2006இல் வந்த எச்டிஎம்ஐ 1.3 அந்த வரம்பை 34 கோடிக்கு உயர்த்தியது. 2009இன் 1.4இல் 4கே வந்தது, ஆனால் நொடிக்கு 30 முறை மட்டும் (29.7 கோடி). 4கேயை 60 முறை அனுப்ப 59.4 கோடி வேண்டும். அதற்கு 2013இல் வந்த 2.0 வேண்டியிருந்தது. டிஸ்பிளேபோர்ட்டோ 2010இலேயே, தன் 1.2 பதிப்பில் அதைச் செய்துவிட்டது. 4கே 30 ஹெர்ட்ஸ் பற்றி ஒரு எச்சரிக்கை: படம் வரும், புகைப்படம் அழகாக இருக்கும். மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி தாவித் தாவிப் போகும். நாள் முழுக்க வேலை செய்ய லாயக்கில்லை.

உங்கள் பெட்டியின் எச்டிஎம்ஐ எந்தப் பதிப்பு என்று ஓட்டையின் மேல் எழுதியிருக்காது. புராசஸரை, அதாவது உள்ளே இருக்கும் அந்தத் தீப்பெட்டி அளவுச் சில்லை, கேட்க வேண்டும்.

கோலம் போடுவது யார்

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில் படம் வரைவது, 2010க்குப் பிறகு வந்த இன்டெல் ஐ3, ஐ5களில், புராசஸருக்குள்ளேயே இருக்கும் ஒரு பகுதி. அதற்கு முந்தைய கோர் 2 டுவோ காலத்தில் அது மதர்போர்டில் இருந்தது. எது என்று பார்க்கப் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை. விண்டோஸ் பொத்தானையும் ஆர் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் ஆங்கிலத்தில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்று ஆறு எழுத்தைத் தட்டி என்டர் அடியுங்கள். முதல் பக்கத்தில் புராசஸர் பெயர், டிஸ்பிளே பக்கத்தில் கிராபிக்ஸின் பெயர்.

அத்தையின் கம்ப்யூட்டரில் ஐ3-3220 என்று வந்தது. நான்கு இலக்க எண்ணில் முதல் இலக்கம் தலைமுறை. அதாவது மூன்றாம் தலைமுறை. இரண்டாம், மூன்றாம் தலைமுறை இன்டெல்லில் எச்டிஎம்ஐ வழியே 1920×1200 தான் எல்லை, டிஸ்பிளேபோர்ட் இருந்தால் 2560×1600. நான்காம் தலைமுறையில், அதாவது 2013இல், எச்டிஎம்ஐக்கு 4கே 30 ஹெர்ட்ஸ் வரையும் டிஸ்பிளேபோர்ட்டுக்கு 4கே 60 வரையும் வந்துவிட்டது. எட்டாம் தலைமுறைவரைகூட மதர்போர்டு எச்டிஎம்ஐ பெரும்பாலும் அந்த 30 ஹெர்ட்ஸிலேயே நின்றது. "என்னுது 2018 மாடல், புதுசுதான்" என்று 4கே வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

டிஸ்பிளே பக்கத்தில் இன்டெல் என்றோ என்விடியா என்றோ ஏஎம்டி என்றோ வராமல், "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்" என்று வந்தால் சரியான டிரைவர், அதாவது கிராபிக்ஸை இயக்கும் மென்பொருள், ஏறவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் எந்த மானிட்டரை மாட்டினாலும் மங்கலாகவோ தவறான அளவிலோ வரும். பழி மானிட்டர் மேல் விழும். முதலில் டிரைவர்.

இன்னொரு வேடிக்கை. தனி கார்டு போட்ட பெட்டியில் பின்பக்கம் இரண்டு இடத்தில் ஓட்டைகள் இருக்கும்: மேலே மதர்போர்டினுடையது, கீழே படுக்கைவாட்டில் கார்டினுடையது. கார்டு இருந்தால் அதில்தான் மாட்ட வேண்டும். மேலே மாட்டிவிட்டு "மானிட்டர் டெட்" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது வாராவாரம் நடக்கிறது.

இனி அந்தத் தம்பி சொன்ன "4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" கதைக்கு வருவோம். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று வையுங்கள். ஃபுல் எச்டி திரை முழுவதையும் நினைவில் வைத்துக்கொள்ள 8.3 மெகாபைட் போதும். 4கேக்கே 33 மெகாபைட்தான். கும்பாபிஷேக நோட்டீஸைத் திரையில் காட்ட 4 ஜிபி எதற்கு? அது விளையாட்டுகளுக்கு, வீடியோ எடிட்டிங்குக்கு. ஆனால் ஒரு விஷயத்தில் பழைய கம்ப்யூட்டர் உண்மையிலேயே திணறும்: யூடியூபில் 4கே வீடியோ ஓட்டினால். யூடியூப் அந்தத் தரத்தை அனுப்பும் விபி9 போன்ற முறைகளை இன்டெல்லில் ஏழாம் தலைமுறைக்குப் பிறகுதான் சில்லே நேரடியாக முழுதாக அவிழ்க்கிறது. அதற்கு முந்தையவை மொத்தப் பாரத்தையும் புராசஸர் தலையில் போடும், ஃபேன் விமானம் மாதிரி கத்தும். தரத்தை 1080க்கு இறக்கிவிட்டால் பெரும்பாலும் சமாளிக்கும். மானிட்டர் பெரிதானதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

காசு கொடுப்பதற்கு முன்

அத்தை வீட்டில் 32 இன்ச் ஃபுல் எச்டி டிவி இருந்தது. அதன் எச்டிஎம்ஐ கேபிளைச் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிச் சிபியூவில் மாட்டினேன். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் டிஸ்பிளே. ரெசல்யூஷன் பட்டியலில் 1920×1080 வந்துவிட்டது, அட்வான்ஸ்டு டிஸ்பிளேயில் 60 ஹெர்ட்ஸ். ஐந்து நிமிட வேலை, செலவு பூஜ்யம். கூடத்தில் டிவியில் எக்செல் தெரிந்ததும் மாமா "நியூஸ் போடுடா" என்றார், அவ்வளவுதான் இடைஞ்சல். டிவியில் பரிசோதிக்கும்போது ஓரங்கள் வெட்டுப்பட்டு, டாஸ்க்பார் பாதி தெரியாமல் போகலாம். அது கம்ப்யூட்டரின் குற்றமில்லை, டிவி தன் பழக்கத்தில் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்குகிறது. டிவியின் பட அளவு அமைப்பில் ஸ்க்ரீன் ஃபிட், ஜஸ்ட் ஸ்கேன் என்று ஏதாவது இருக்கும்.

லினக்ஸ்காரர்களுக்கு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான நம் ஊர் சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ் உட்பட, டெர்மினலில் எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என்ற எழுத்துகளைச் சேர்த்து அடித்தால் எந்த ஓட்டையில் எந்த ரெசல்யூஷன் போகும் என்று பட்டியல் கொட்டும்.

2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வைத்திருப்பவர்கள் கேட்பது: "இதோட ஸ்க்ரீனே 1366 தான், வெளியில ஃபுல் எச்டி எப்படி வரும்?" வரும். சொந்தத் திரைக்கும் வெளித்திரைக்கும் கணக்குத் தனித்தனி. பக்கவாட்டில் என்ன ஓட்டை என்று பார்த்து மேலே சொன்னபடியே முடிவு செய்யலாம். ஆனால் இரண்டிலும் ஒரே படம் தெரியும்படி டூப்ளிகேட்டில் வைத்தால், பெரியது சின்னதின் அளவுக்கு இறங்கி வரும். எக்ஸ்டெண்டு அல்லது செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி வைக்க வேண்டும்.

ரிச்சி தெருவுக்குப் போவதாக இருந்தால் பெட்டியின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். "புளூ கலர் ஓட்டை" என்று வாயால் விவரிப்பதைவிட அது மேல். மானிட்டரின் பின்பக்கத்தையும் கேட்டுப் பாருங்கள். புதிதாக வருபவற்றில் பலவற்றில் விஜிஏவே கிடையாது. உங்கள் பெட்டியில் விஜிஏ மட்டும்தான் என்றால், விஜிஏவும் உள்ள மானிட்டரைத் தேடுவதே நல்லது. விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சின்னப் பெட்டி கிடைக்கிறது, யுஎஸ்பி கரன்ட் கொடுக்க வேண்டும். அவசரத்துக்கு ஆகும், அழகுக்கு ஆகாது.

பெட்டியில் வழியே இல்லை, 4கே கட்டாயம் வேண்டும் என்றால் மட்டும் கார்டு. விளையாட்டுக்காக இல்லையென்றால் மிகச் சாதாரணக் கார்டே போதும். 2017இல் வந்த என்விடியா ஜிடி 1030 வெறும் 30 வாட்டில் ஓடி 4கே 60 ஹெர்ட்ஸ் கொடுக்கும், பெட்டிக்குக் கரன்ட் கொடுக்கும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்ற வேண்டியதில்லை. ஒல்லியான ஆபீஸ் பெட்டி என்றால் லோ புரொஃபைல் என்று கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் மூடி மூடாது.

"எழுத்து குண்டா இருக்குடா"

அத்தை மானிட்டரை வாங்கிவிட்டார். ஃபுல் எச்டி, 27 இன்ச், விஜிஏவும் எச்டிஎம்ஐயும் உள்ளது. நான் வருவதற்குள் பொறுமையில்லாமல் பழைய விஜிஏ கேபிளிலேயே தானாக மாட்டிவிட்டார். சாயங்காலம் போன்.

"எழுத்தெல்லாம் குண்டு குண்டா இருக்குடா. பிள்ளையார் படம் சப்பையா தெரியறார். அந்தப் பையன் சொன்னது சரிதான் போல."

போய்ப் பார்த்தால் ரெசல்யூஷன் 1024×768. அதற்கு மேல் பட்டியலிலேயே இல்லை. நான்குக்கு மூன்று வடிவப் படத்தை அகலத்திரைக்கு இழுத்ததில் பிள்ளையார் இன்னும் ஒரு சுற்று பெருத்திருந்தார்.

மானிட்டரை மாட்டியதும் கம்ப்யூட்டர் அதனிடம் "உனக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்கும். மானிட்டர் தன் ஜாதகத்தை அனுப்பும். ஈடிஐடி என்று பெயர். விஜிஏ கேபிளில் இந்தப் பேச்சு 12ஆம், 15ஆம் ஊசிகள் வழியே நடக்கிறது. கேபிளைக் கழற்றி முனையை வெளிச்சத்தில் பிடித்தேன். 15ஆம் ஊசி மடங்கி உள்ளே போயிருந்தது. பதில் வராத கம்ப்யூட்டர், எந்த மானிட்டரும் ஏற்கும் பழைய அளவில் பத்திரமாக நின்றுவிட்டது. (9ஆம் ஊசி இல்லாமல் வரும் கேபிள்கள் சகஜம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.) எச்டிஎம்ஐ கேபிளை மாட்டியதும் ஒரு கண் சிமிட்டல், 1920×1080. பிள்ளையார் தன் பழைய உருவத்துக்கு வந்தார்.

அத்தை திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தெளிவா இருக்கு. ஆனா எழுத்து முன்னாடி இருந்த சைஸ்லயேதானேடா இருக்கு?"

சரியான கேள்வி, மானிட்டர் விளம்பரங்கள் சொல்லாத விஷயம். பழைய 18.5 இன்ச்சில் ஒரு இன்ச் நீளத்துக்கு சுமார் 85 புள்ளிகள். புதிய 27 இன்ச் ஃபுல் எச்டியில் சுமார் 82. புள்ளியின் அளவு ஏறக்குறைய அதேதான். அதனால் எழுத்தும் அதே அளவு. கூடியது இடம், ஏறக்குறைய இரட்டிப்பு. முன்பு ஒரு பக்கம் தெரிந்த இடத்தில் இப்போது இரண்டு பக்கம் தெரிகிறது. அவர் ஆசைப்பட்ட 27 இன்ச்சை 2560×1440இல் வாங்கியிருந்தால் இன்ச்சுக்கு 109 புள்ளி, எழுத்து முன்னைவிடச் சிறுத்திருக்கும். கண்ணுக்காகப் பெரிய திரை வாங்கி, கண்ணாடியை மாற்றும் கதை.

கம்ப்யூட்டர் விவரம் தெரிந்தவர்கள் 27 இன்ச்சில் ஃபுல் எச்டி என்றால் முகம் சுளிப்பார்கள், புள்ளி தெரியும் என்று. இளம் கண்களுக்கு அது உண்மை. அறுபதைத் தாண்டியவருக்கு, பழைய கம்ப்யூட்டரோடு, நான் தயங்காமல் சொல்வது அதையேதான். டிஸ்பிளே அமைப்பில் ஸ்கேலை 125 சதவீதமாக்கினேன். எழுத்து கால்வாசி பெரிதாயிற்று, அப்போதும் பழைய திரையைவிட இடம் மிச்சம். ரெசல்யூஷனைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். மானிட்டரின் சொந்தப் புள்ளிக் கணக்கிலிருந்து விலகினால் எல்லாம் குழையும். தமிழில் முதலில் அடிபடுவது மெய்யெழுத்தின் மேல்புள்ளி. 'க்'கும் 'க'வும் ஒன்றுபோலத் தெரியும் திரையில் மெய்ப்புப் பார்க்க முடியாது.

கிளம்பும்போது அத்தை பழைய 18.5ஐக் காட்டினார். "இதை என்ன பண்றது, காயலான் கடைக்கா?"

விஜிஏ ஓட்டை இப்போது காலியாக இருந்தது. எதிர் ஸ்டேஷனரி கடையிலேயே ஒரு விஜிஏ கேபிள் கிடைத்தது. பழையதைப் பக்கத்தில் நிறுத்தி மாட்டி, விண்டோஸ் பொத்தானையும் பி பொத்தானையும் அழுத்தி எக்ஸ்டெண்டு கொடுத்தேன். மூன்றாம் தலைமுறைச் சில்லுக்கு இரண்டு திரை ஒரு பொருட்டில்லை. இப்போது பெரியதில் பத்திரிகை, சின்னதில் வாடிக்கையாளர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய கையெழுத்துப் பிரதி.